தூக்கும் கையும் வளர்ப்பு முயலும்: ஒரு வரலாறு

முயல் வளர்க்கத் தொடங்குபவர்கள் பலர் முதல் சில நாள்களிலேயே ஒரு ஏமாற்றத்தைச் சந்திக்கின்றனர். கையிலிருந்து கொத்தமல்லித் தழையை வாங்கித் தின்னும் முயல், காலருகே வந்து படுத்துக்கொள்ளும் முயல், தூக்க முயன்ற உடனே உதைக்கிறது, கீறுகிறது, சில சமயம் கடிக்கவும் செய்கிறது. மறுநாள் அந்தக் கையைக் கண்டாலே மூலைக்கு ஓடுகிறது. நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் மடியில் கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், இந்த முயலுக்குத் தங்களைப் பிடிக்கவில்லை என்றோ, இது முரட்டு முயல் என்றோ முடிவு செய்துவிடுகின்றனர். முயல் சில மாதங்களில் கூண்டுக்குள் ஒதுக்கப்படுகிறது. அல்லது வேறொருவருக்குக் கொடுக்கப்படுகிறது.

முயல் மனிதரோடு வாழ வந்த வரலாற்றைப் பார்த்தால் இந்த நடத்தையில் வியப்பு ஏதுமில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதன் முயலைத் தூக்கியதெல்லாம் பெரும்பாலும் கொல்வதற்காகவே. தூக்கப்படுவதை அமைதியாக ஏற்கும் முயலை உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் மிகப் பிற்காலத்தில்தான் சிலருக்குத் தோன்றியது.

ஒரு பெயர், இரண்டு விலங்குகள்

தமிழில் முயல் என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு விலங்குகளைக் குறிக்கிறது. சங்கப் பாடல்களில் வரும் குறுமுயல் நம் நிலத்துக் காட்டுமுயல். பிடரியில் கறுப்பு மயிர்த் திட்டு உடையது. அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே ஒரு பள்ளத்தில் பதுங்கியிருக்கும். அதன் குட்டி உடலில் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கிறது.

இன்று வீடுகளிலும் பண்ணைகளிலும் வளர்க்கப்படும் முயல் வேறு. அது ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது. அதன் அறிவியல் பெயர் ஒரிக்டோலாகஸ் குனிகுலஸ். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பமே அதன் தாயகம். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். குட்டிகள் மயிரின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கும். இரண்டு விலங்குகளும் இனச்சேர்க்கை செய்து குட்டி ஈனுவதில்லை. நாம் காணும் வெள்ளை முயல், சாம்பல் முயல், தொங்குகாது முயல் எல்லாம் குழிமுயலின் வகைகளே. உலகில் வீட்டு விலங்காக்கப்பட்ட முயல் இனம் இது ஒன்றுதான்.

ஐபீரியாவில் இம்முயலைத் தின்று வாழும் விலங்குகள் ஏராளம். ஐபீரியச் சிவிங்கிப்பூனையும் ஸ்பானியப் பேரரசக் கழுகும் பெரும்பாலும் இதையே நம்பி வாழ்கின்றன. முயலின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் உயரத்தில் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றுப்புறம் முழுவதையும், தலைக்கு மேலுள்ள வானத்தையும் அது பார்க்கிறது. மூக்குக்கு நேர் முன்னும் மோவாய்க்குக் கீழும் மட்டும் அதற்குத் தெரிவதில்லை. மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குக் கழுகுதான். கால் தரையை விட்டு எழும்பும் கணம், காட்டில் அதன் வாழ்வு முடியும் கணம்.

உரோமரின் வேலிகள்

முயலை அடைத்து வைத்ததற்கான பழைய எழுத்துச் சான்றுகள் உரோமரிடமிருந்து கிடைக்கின்றன. கி.மு. 37இல் வேளாண்மை நூல் எழுதிய வாரோ, செல்வர்களின் தோட்டங்களில் சுவர் எழுப்பிக் காட்டுமுயல்களை வளர்த்த அடைப்புகளைப் பற்றிக் கூறுகிறார். அவற்றோடு ஸ்பெயினிலிருந்து வரும் குட்டையான ஒரு முயலையும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அந்தக் குட்டை முயல்தான் நம் குழிமுயல். அடைப்பிலிருந்து முயல்களைப் பிடித்துச் சிறு கூண்டுகளில் போட்டுக் கொழுக்க வைக்கும் வழக்கம் தம் காலத்தில் புதிதாகத் தோன்றியதாகவும் அவர் குறிப்பிடுகிறார். கூண்டு முயலின் வரலாறு சமையலறை வாசலில்தான் தொடங்குகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிய இயற்கை வரலாறு, பிறக்காத குட்டிகளையும் பால்குடி மாறாத குட்டிகளையும் ஸ்பெயின் மக்கள் விரும்பித் தின்றதைச் சொல்கிறது. பலேரிக் தீவுகளில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்ததால், அவற்றை ஒடுக்கப் படைவீரர்களை அனுப்பும்படி அத்தீவினர் பேரரசர் அகஸ்டசிடம் வேண்டிக்கொண்டதும் அதே நூலில்தான் இருக்கிறது. வளைக்குள் புகுந்து முயலை விரட்டும் ஃபெரெட் என்ற விலங்கு, உருவில் கீரியைப் போன்றது, அப்போதே பயன்பட்டது. வளைவாயில் வலை விரித்துக் காத்திருப்பார்கள். முயல் வெளியே பாயும்போது கை அதைப் பிடிக்கும். இந்த முறை ஐரோப்பாவில் இன்றும் வழக்கில் உள்ளது.

தவக்காலக் கதை

முயல் வீட்டு விலங்கானதைப் பற்றி நெடுங்காலமாக ஒரு கதை பாடநூல்களிலும் ஆய்வு நூல்களிலும் இருந்தது. கி.பி. 600 வாக்கில் போப் கிரகோரி, முயல் குட்டி இறைச்சியாகாது, தவக்காலத்தில் அதை உண்ணலாம் என்று ஆணையிட்டாராம். உடனே பிரெஞ்சு மடங்களின் துறவிகள் முயல்களைக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினார்களாம். அப்படித்தான் முயல் வீட்டு விலங்கானதாம்.

2018இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவான் இர்விங்-பீஸ், கிரெகர் லார்சன் ஆகியோரின் குழு இக்கதையின் வேரைத் தேடியது. அப்படி ஒரு போப்பாணை கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொரு கிரகோரி. ஆறாம் நூற்றாண்டில் தூர் நகர ஆயராக இருந்த கிரகோரி எழுதிய பிராங்கியர் வரலாற்றில், ரொக்கோலெனஸ் என்ற ஒருவன் நோயுற்ற நிலையிலும் தவக்காலத்தில் முயல் குட்டிகளைத் தின்றான் என்று ஒரு வரி வருகிறது. இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் இரண்டு கிரகோரிகளையும் ஒருவராக்கி, ஒருவனின் உணவுப் பழக்கத்தைத் திருச்சபை ஆணையாக மாற்றி, அதன்மேல் ஒரு முழு வரலாற்றைக் கட்டிவிட்டனர். குறிப்பிட்ட ஓராண்டில், ஓரிடத்தில் முயல் பழக்கப்பட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதே இக்குழுவின் முடிவு. அது பல நூற்றாண்டுகள் மெல்ல மெல்ல நடந்தது. இன்றைய வளர்ப்பு முயல்களுக்கு மரபணு அளவில் மிக நெருங்கியவை பிரான்சின் குழிமுயல்கள் என்பது மட்டும் தெளிவாகியுள்ளது.

மண்மேடுகளும் கன்னிமாடங்களும்

நார்மானியர் குழிமுயலை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் அங்கு முயலுக்கென்று நிலங்கள் ஒதுக்கப்பட்டன. ஈரமும் குளிரும் மிகுந்த அந்நாட்டில் முயல் முதலில் நன்றாகத் தழைக்கவில்லை. எனவே நீளமான மண்மேடுகளை எழுப்பி, வளை தோண்ட வசதி செய்து கொடுத்தனர். இறைச்சியும் தோலும் அக்காலத்தில் செல்வர்க்குரிய பொருள்கள். நார்ஃபோக் மாவட்டத்தின் தெட்ஃபோர்டில் 1400 வாக்கில் கட்டப்பட்ட முயல் காவலரின் கல் மாளிகை இன்றும் நிற்கிறது. திருடருக்கு அஞ்சிக் கோட்டை போலத் தடித்த சுவர்களோடு அதைக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த நிலங்களில் முயல் மனிதனுக்குப் பழகவில்லை. பழகத் தேவையும் இருக்கவில்லை. எது மெதுவாக ஓடியதோ, எது மனிதனைக் கண்டு அஞ்சாமல் நின்றதோ அது வலையில் விழுந்தது. தப்பியது குட்டி போட்டது. இப்படி நூற்றாண்டுகள் நடந்தால் அச்சம் கூடுமே தவிரக் குறையாது என்றே தோன்றுகிறது.

ஆயினும் அதே காலத்தில் முயலை அருகில் வைத்துக் கொஞ்சியவர்களும் இருந்தனர். 1387இல் வின்செஸ்டர் ஆயர் வில்லியம், ரோம்சி மடத்துக் கன்னியாஸ்திரிகளுக்கு ஒரு கண்டிப்பு அனுப்பினார். அவர்கள் பறவைகளையும் முயல்களையும் நாய்களையும் தேவாலயத்துக்கே கொண்டுவருவதாகவும், வழிபாட்டைவிட அவற்றின்மேல் கருத்தாக இருப்பதாகவும் அவருக்குக் குறை. கண்டித்தது ஆயரின் நோக்கம். நமக்கு அது, முயலைச் செல்லப் பிராணியாக வளர்த்ததற்கான பழைய சான்றுகளுள் ஒன்றாகிவிட்டது. அக்கன்னியர் முயலை எப்படிக் கொண்டு போனார்கள், கையிலா கூடையிலா என்பதை ஆயர் எழுதவில்லை.

1530 வாக்கில் இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த ஓவியம் ஒன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அன்னை மரியாள் புல்தரையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய கை ஒரு வெள்ளை முயலின்மேல் இருக்கிறது. வெள்ளை நிறம் காட்டில் நிலைக்காது. ஆகவே கூண்டில் நிறம் பார்த்து இனம் பெருக்கும் வழக்கம் அதற்குள் வந்துவிட்டது என்று கொள்ளலாம். முயல் கையில் தூக்கப்படவில்லை, தாழவே இருக்கிறது. இது ஓவியரின் கவனிப்பா, தற்செயலா என்று அறிய வழியில்லை. ஆனால் முயல் வளர்ப்பவர் எவரும் அந்த அமைப்பைச் சரி என்றே சொல்வார்.

கூப்பரின் மூன்று முயல்கள்

முயலின் நம்பிக்கையைப் பெறுவது பற்றி நாள்தோறும் கவனித்து எழுதியவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் (1731–1800). அவர் வளர்த்தவை குழிமுயல்கள் அல்ல, காட்டுமுயல்கள். வீட்டு விலங்காக ஒருநாளும் ஆகாத, மனிதனிடம் மேலும் கூச்சமுள்ள விலங்கு அது. எனவேதான் அவருடைய பதிவுக்கு மதிப்புக் கூடுகிறது.

1773இல் கூப்பருக்குக் கடுமையான மனச்சோர்வு வந்தது. தற்கொலைக்கும் முயன்றார். பக்கிங்ஹாம்சயரின் ஓல்னி என்ற சிற்றூரில், மேரி அன்வின் என்ற அம்மையாரின் பராமரிப்பில் இருந்தார். நூல்களும் மனிதர்களும் அவருக்குப் பாரமாக இருந்த அந்த நிலையில், 1774இல், அண்டை வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருளாக வைத்திருந்த மூன்று மாதக் காட்டுமுயல் குட்டி ஒன்று அவரிடம் வந்தது. பிள்ளைகளுக்கு அதைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. குட்டி மெலிந்துகொண்டிருந்தது. கவிஞர் முயல் வாங்கிக்கொள்கிறார் என்ற செய்தி ஊரில் பரவியதும் ஆளுக்கொரு குட்டியோடு வந்துவிட்டனர். அவர் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். பஸ், டைனி, பெஸ் என்று பெயரிட்டார். பெயர்கள் எப்படியிருப்பினும் மூன்றும் ஆண்கள்.

கூப்பர் தாமே தச்சு வேலை செய்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை கட்டினார். கழிவு கீழே மண் தட்டில் விழும்படி தளம் அமைத்தார். பகலில் முன்கூடத்தில் உலவவிட்டார். இரவில் மூன்றும் தத்தம் அறைக்குச் சென்றன. ஒன்று மற்றொன்றின் இடத்துக்குள் நுழைந்ததில்லை. இரவு உணவுக்குப் பின் வரவேற்பறையில் விடுவார். அங்கே கம்பளம் விரித்திருந்ததால் கால்களுக்குப் பிடிமானம் கிடைத்து அவை துள்ளி விளையாடின. இந்தக் கம்பளத்தைப் பற்றிய குறிப்பு சிறியதாகத் தோன்றலாம். முயலின் பாதத்தில் நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போன்ற மெத்தைத் தசை இல்லை, மயிர்தான் இருக்கிறது. வழுக்கும் தரையில் அது தடுமாறும், அஞ்சும். நம் வீடுகளின் பளிங்குத் தரையிலும் டைல்ஸிலும் முயல் ஒரே மூலையில் உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கோணியோ பாயோ விரித்தால் வேறுபாடு தெரியும்.

மூன்றுக்கும் ஒரே வீடு, ஒரே உணவு, ஒரே மனிதர். ஆனால் மூன்றும் மூன்று விதமாக இருந்தன.

பஸ் விரைவில் பழகியது. மடியில் ஏறிப் பின்னங்கால்களில் நின்று அவருடைய காதோர முடியைக் கடிக்கும். தூக்கவும் சுமக்கவும் விடும். முழங்காலில் உறங்கியும் இருக்கிறது. ஒருமுறை மூன்று நாள் நோயுற்றது. கூப்பர் அதை மற்றவற்றிடமிருந்து பிரித்து வைத்து, பலவகைத் தழைகளைக் கொடுத்துப் பார்த்துத் தேற்றினார். குணமானதும் அது அவருடைய கையை நக்கியது. முதலில் புறங்கை, பிறகு உள்ளங்கை, பிறகு ஒவ்வொரு விரலாக, விரலிடுக்கு ஒன்றும் விடாமல். அதன்பின் நாள்தோறும் காலை உணவு முடிந்ததும் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். வெள்ளரிக்கொடியின் இலைகளுக்கடியில் மாலைவரை கிடக்கும். சில நாள்களில் பஸ் தானே கேட்கத் தொடங்கியது. அவருடைய முழங்காலில் முன்னங்கால்களால் தட்டும். அவர் எழவில்லையென்றால் அங்கியின் ஓரத்தைப் பல்லால் கவ்வி இழுக்கும்.

பெஸ்ஸைப் பழக்கவே தேவை இருக்கவில்லை. முதலிலிருந்தே அதற்குத் துணிவு இருந்தது. ஒரு மாலை வீட்டுப் பூனை அதன் கன்னத்தில் தட்டியபோது, திரும்பப் பூனையின் முதுகில் படபடவென்று அடித்து விரட்டியது. பாவம், வளர்ந்து முடிந்த சில காலத்திலேயே, கழுவிய ஈரம் காயாத பெட்டியில் அடைக்கப்பட்டதால் அது இறந்தது.

டைனிதான் இக்கட்டுரைக்கு முக்கியமானது. அதுவும் நோயுற்றது. பஸ்ஸுக்குக் கிடைத்த அதே கவனிப்பு அதற்கும் கிடைத்தது. ஆனால் குணமான பிறகு கூப்பர் தடவ முயன்றால் உறுமும், முன்னங்கால்களால் அடிக்கும், பாய்ந்து கடிக்கும். இறுதிவரை அப்படித்தான். கூப்பர் அதை விரட்டவுமில்லை, வற்புறுத்திப் பிடிக்கவுமில்லை. அதன் சிடுசிடுப்பே தமக்கு வேடிக்கையாக இருந்தது என்றும், பெரிய மனிதரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அது குதித்து விளையாடும் அழகைப் பார்ப்பதற்காகவே அதுவும் தமக்கு நல்ல தோழனாக இருந்தது என்றும் எழுதினார். டைனி ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தது. கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டதால் இறந்திருக்கலாம் என்பது கூப்பரின் கணிப்பு. அதற்காக 1783இல் ஒரு கல்லறைக் கவிதையும் எழுதினார். ஆங்கிலக் கவிதைத் தொகுப்புகளில் இன்றும் இடம்பெறும் அக்கவிதை, கொஞ்ச விட்ட பஸ்ஸுக்காக அல்ல, கடைசிவரை தொடவிடாத டைனிக்காக எழுதப்பட்டது.

1784இல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் இவற்றையெல்லாம் கட்டுரையாக வெளியிட்டார். அதில் மற்றொரு நுட்பமும் உண்டு. முயல்கள் ஆளைத் தேர்வது மோப்பத்தால்தான் என்கிறார். நாள்தோறும் பார்க்கும் சிலரை அவை கடைசிவரை ஏற்கவில்லை. தொட வந்தால் அலறின. மாவு படிந்த சட்டையோடு ஒரு மில்காரர் வந்தபோதோ, பார்த்த உடனே அவரிடம் போய் ஒட்டிக்கொண்டன. பஸ் 1786 மார்ச் 9 அன்று முதுமையால் இறந்தது. வயது பதினோரு ஆண்டும் பதினோரு மாதமும் என்று கூப்பர் குறித்து வைத்தார்.

இதைப் படித்துக் காட்டுமுயல் குட்டியைத் தேடிப் போகும் வாசகர் இருந்தால் ஒன்று சொல்லவேண்டும். இந்தியாவில் காட்டுமுயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

டார்வினின் கேள்வி

1859இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் நூலில் சார்லஸ் டார்வின் ஒரு முரணைச் சுட்டினார். வனத்துக் குழிமுயலின் குட்டியைப் போலப் பழக்கக் கடினமான விலங்கு வேறில்லை. வளர்ப்பு முயலின் குட்டியைப் போலச் சாதுவானதும் அரிது. ஆனால் சாதுவான முயல் வேண்டும் என்று எவரும் திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை. இறைச்சிக்கும் உரோமத்துக்கும் நிறத்துக்கும் காது நீளத்துக்குமே தேர்ந்தார்கள்.

சாது குணம் எவ்வளவு எளிதில் போய்விடும் என்பதையும் அவர் 1868இல் எழுதிய மற்றொரு நூலில் காட்டினார். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கப்பலில் குட்டி போட்ட ஒரு பெண் முயலும் அதன் குட்டிகளும் போர்ட்டோ சாண்டோ தீவில் விடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் இரண்டு லண்டன் விலங்கியல் தோட்டத்துக்கு வந்தன. பார்த்தவர்கள் பெரிய எலிகள் என்றார்கள். இவற்றைப் போல அடங்காத விலங்கு தம் பொறுப்பில் இருந்ததே இல்லை என்று தோட்டத்தின் மேற்பார்வையாளர் டார்வினிடம் சொன்னார்.

டார்வினுக்குக் கிடைக்காத விடையின் ஒரு பகுதி அண்மையில் கிடைத்துள்ளது. 2014இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு, வளர்ப்பு முயலையும் வன முயலையும் பிரிப்பது ஒரு தனி மரபணு அன்று, மூளையும் நரம்பு மண்டலமும் உருவாவதைப் பாதிக்கும் பல மரபணுக்களில் ஏற்பட்ட சிறு சிறு மாற்றங்கள் என்று கண்டது. 2018இல் எட்டு வளர்ப்பு முயல்களின் மூளையையும் எட்டு வன முயல்களின் மூளையையும் படமெடுத்து ஒப்பிட்டனர். வளர்ப்பு முயலில் அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி சிறுத்திருந்தது. அதை அடக்கும் முன்மூளைப் பகுதி பெருத்திருந்தது. அதாவது அச்சம் குறைந்திருக்கிறது. நீங்கவில்லை. மனிதன் அருகில் நிற்பதைத் தாங்கும் அளவுக்கு முயல் மாறியிருக்கிறது. தரையிலிருந்து தூக்கப்படுவது அந்த மாற்றத்துக்குள் அடங்கவில்லை என்றே முயல் வளர்ப்போரின் அனுபவம் காட்டுகிறது.

கதைப் புத்தகத்து முயல்

முயல் கட்டியணைக்க உகந்த விலங்கு என்ற எண்ணம் பரவியதற்குக் குழந்தை நூல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றுள் பெயர்பெற்றது பியாட்ரிக்ஸ் பாட்டர் 1902இல் வெளியிட்ட பீட்டர் முயல் கதை. பாட்டர் முயல்களை நன்கு அறிந்தவர். பெஞ்சமின், பீட்டர் என்ற இரண்டு முயல்களை லண்டன் வீட்டுக்குள்ளேயே வளர்த்தார். பெஞ்சமினைக் கயிறு கட்டி நடத்திச் செல்வார். அதற்கு வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் ஆசை. அதை மாதிரியாக வைத்து வரைந்த வாழ்த்து அட்டைப் படங்களை ஒரு பதிப்பகம் 1890இல் ஆறு பவுனுக்கு வாங்கியது. மகிழ்ச்சியில் பாட்டர் முயலுக்கு ஒரு கோப்பை சணல் விதை கொடுத்துவிட்டார். மறுநாள் அது போதையில் சொன்னபடி கேட்கவில்லை. பீட்டருக்கு வளையம் தாண்டவும் மணியடிக்கவும் கற்றுக்கொடுத்தார்.

அவருடைய கதையை நினைவுபடுத்திப் பார்த்தால், அதில் முயலைக் கொஞ்சும் மனிதர் எவருமே இல்லை. பீட்டரின் தந்தை ஏற்கெனவே மெக்ரெகர் வீட்டில் பணியாரமாகிவிட்டார். பீட்டர் வலையில் மாட்டிக்கொள்ள, மெக்ரெகர் சல்லடையை மேலிருந்து கவிழ்த்துப் பிடிக்கப் பார்க்கிறார். சட்டையைக் கழற்றிவிட்டுத் தப்புகிறது. முயலின் பக்கமிருந்து சொல்லப்பட்ட அந்தக் கதையிலும் மேலிருந்து வருவது ஆபத்துதான். பின்னர் கடைக்கு வந்த பஞ்சு பொம்மைகளில் இது மறைந்துபோயிற்று.

மயக்கம் எனப்பட்ட அச்சம்

தூக்கப்படுவதை ஏற்காத முயலை அடக்க ஒரு முறை பல காலமாகக் கையாளப்பட்டது. மல்லாத்திப் போட்டால் முயல் அசையாமல் கிடக்கும். கை கால் தளர்ந்து, உறங்குவது போல் தோன்றும். இதை மயக்க நிலை என்றும் முயல் இதை விரும்புகிறது என்றும் சொல்லி, நகம் வெட்டவும் வேடிக்கை காட்டவும் பயன்படுத்தினர். பிரித்தானிய ஆய்வாளர்கள் 2006இல் இந்நிலையில் உள்ள முயல்களைச் சோதித்தபோது இதயத் துடிப்பும் மூச்சும் அழுத்த இயக்குநீரும் கூடியிருந்தன. அது செத்தது போல் கிடந்து பகைவிலங்கின் பிடி தளரக் காத்திருக்கும் நிலை. இணையத்தில் இப்படி மல்லாந்து கிடக்கும் முயல்களின் காணொளிகளை ரசிப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

காதைப் பிடித்துத் தூக்குவது இதனினும் கொடியது. முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடுதான். பூனைக்கு அது 12 விழுக்காட்டுக்கும் மேல். மெல்லிய எலும்பும் வலிமை மிக்க பின்னங்கால் தசையும் சேர்ந்திருப்பதால், பிடியில் துள்ளி உதைக்கும் முயல் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ள முடியும். டைனியின் இடுப்பு நினைவுக்கு வருகிறது.

தரையில் அமர்தல்

கலிபோர்னியாவைச் சேர்ந்த மரினெல் ஹாரிமன் 1985இல் வீட்டுக்குள் முயல் வளர்ப்பது பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக 1988இல் ஹவுஸ் ராபிட் சொசைட்டி என்ற அமைப்பு உருவானது. கொல்லைப்புறக் கூண்டிலிருந்து முயலை வீட்டுக்குள் கொண்டுவந்த இயக்கம் இது. முயலைத் தூக்கிப் பழக்குவதைவிட மனிதன் தரைக்கு இறங்குவது எளிது என்பதே இப்படி வளர்ப்போர் கண்ட வழி.

அதன் நடைமுறை இப்படி அமைகிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில் முயல் இருக்கும் அறையில் தரையில் உட்காருவது அல்லது படுத்துக்கொள்வது. அதை நோக்காமல் ஒரு நூலைப் படிப்பது. முயல் தானாக வந்து மோந்து பார்க்கும். அப்போது கையை நீட்டாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. பல நாள்களுக்குப் பின் தழையைக் கையில் வைத்துக் கொடுக்கலாம். அது நிலைத்த பிறகு நெற்றியைத் தடவலாம். கை மூக்குக்கு நேரே வந்தால் அதற்குத் தெரியாது, திடுக்கிடும். பக்கவாட்டில் தெரியும்படி கொண்டுவந்து நெற்றிக்குப் போகவேண்டும். முயல் தலையைத் தாழ்த்தி நின்றால் தொடரலாம். விலகினால் நிறுத்திவிட வேண்டும். விலகினால் நின்றுவிடும் கை என்று அறிந்த முயல் அடுத்த நாள் இன்னும் சற்று நேரம் நிற்கும்.

இதற்கு முந்தைய கட்டம் ஒன்று உண்டு, அது வாங்குபவர் கையில் இல்லை. தாய்முயல் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும். பிறந்த முதல் வாரத்தில் அந்தப் பாலூட்டும் வேளையை ஒட்டிக் குட்டிகளை நாள்தோறும் கையாண்டால், வளர்ந்த பின் மனிதனிடம் அச்சம் வெகுவாகக் குறைகிறது என்று ஹங்கேரியின் ஆல்ட்பேக்கர் விலமோஷ், பொங்ராட்ஸ் பீட்டர் முதலிய ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் கண்டனர். வேறு வேளையில் செய்தால் அவ்வளவு பலன் இல்லை. கூப்பர் மோப்பத்தைப் பற்றிச் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. மனித வாசனை பாலோடு சேர்ந்து மனத்தில் பதிகிறது போலும்.

தமிழ்நாட்டில் வளர்ப்பு முயல் முதலில் பண்ணை விலங்காகவே அறியப்பட்டது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி முயல்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறது. செல்லப்பிராணிக் கடைகளுக்கு வரும் குட்டிகளில் பலவும் இத்தகைய பண்ணை வழிவந்தவைதான். முதல் வாரத்தில் அவற்றை யார் தொட்டார்கள், எப்படித் தொட்டார்கள் என்று வாங்குபவருக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கலாம்.

தூக்கியே ஆகவேண்டிய வேளைகளும் உண்டு. நகம் வெட்ட வேண்டும், கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முயல் தீனி எடுக்காமல் அரை நாள் இருந்தாலே அது அவசர நிலைதான். அப்போது ஒரு கையை நெஞ்சுக்கடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கடியிலும் கொடுத்து, நான்கு கால்களும் தம் உடம்பில் பதியும்படி அணைத்து, தரையோடு ஒட்டியபடியே நகர்த்த வேண்டும். நின்றுகொண்டு தூக்கக்கூடாது. பயணக் கூடையை எப்போதும் அறையிலேயே திறந்து வைத்து, உள்ளே தினமும் ஒரு பிடி புல் போட்டு வந்தால், அந்த நாளில் முயல் தானே நடந்து உள்ளே போகும். மருத்துவரின் மேசையில் ஒரு துண்டை விரித்து, கூடையின் மேல்மூடியைக் கழற்றினால், அடியில் உட்கார்ந்தபடியே பெரும்பாலான சோதனைகளைச் செய்துவிடலாம். இத்தனைக்குப் பிறகும் சில முயல்கள் டைனியைப் போலவே இருக்கும். அவற்றுக்கும் மாலையில் கம்பளத்தில் ஓட இடம் வேண்டும்.